‘ஸ்கேன் நார்மல்’ என்று அனுப்பிவிட்டார்கள்: அண்ணனுக்காக அலைந்த கதை

அண்ணன் 16 வயதிலிருந்து 32 வயது வரை குத்துச்சண்டையில் இருந்தவர். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கொஞ்ச காலமாகவே கேட்டதையே திரும்பக் கேட்கிறார், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுகிறார். அண்ணி இனிமேல் தாங்காது என்று சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். எம்.ஆர்.ஐ. சட்டென்று முடிந்தது. தலைவலி அதற்கப்புறம்தான்.

“ஸ்கேன் நார்மல். மன அழுத்தமாக இருக்கும்” என்று ஒரு தூக்க மாத்திரையை எழுதிக் கொடுத்துக் கோப்பை மூடிவிட்டார் முதலில் பார்த்த நியூராலஜிஸ்ட். இந்த மாத்திரையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்களுக்கு வந்த சந்தேகம் சி.டி.இ., அதாவது தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கியவர்களுக்கு வரக்கூடிய மூளைச் சிதைவு நோய். அதில் டௌ என்ற புரதம் மூளை மடிப்புகளின் அடியில், சின்ன ரத்தக் குழாய்களைச் சுற்றிப் படிகிறது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அது தெரியாது. இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். (2017 ஆய்வில், அமெரிக்கன் ஃபுட்பால் (ரக்பி போல மோதி ஆடுவது) தொழில்முறை லீகில் ஆடிய 111 பேரின் மூளையில் 110இல் இருந்தது என்று படித்துவிட்டு அண்ணி தூங்கவே இல்லை. அவை தானமாக வந்த மூளைகள். பலவற்றைக் குடும்பத்தார் சந்தேகப்பட்டுத்தான் கொடுத்திருப்பார்கள். ஆடிய எல்லாருக்கும் இந்தக் கதி என்று அதற்கு அர்த்தம் இல்லை.)

அதனால் “சி.டி.இ. இருக்கிறதா டாக்டர்?” என்று கேட்காதீர்கள். “உயிரோடு இருக்கும்போது சொல்ல முடியாது” என்பார்கள், பேச்சு அதோடு முடிந்தது. 2021இல் ‘டிராமாட்டிக் என்செஃபலோபதி சிண்ட்ரோம்’ (உயிரோடு இருப்பவரிடம் சி.டி.இ.யைச் சந்தேகிக்க வைக்கும் அறிகுறிகளின் தொகுப்பு) என்பதற்கு நிபுணர்கள் அளவுகோல் வெளியிட்டிருக்கிறார்கள், அதன்படி மதிப்பிட முடியுமா என்று கேளுங்கள். ஆராய்ச்சிக்காக வந்ததுதான், ஆனாலும் மருத்துவர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கிறது. வருடக்கணக்கில் தலையில் அடி வாங்கியிருக்க வேண்டும். நினைவாற்றலோ திட்டமிடும் திறனோ குறைந்திருக்க வேண்டும், அல்லது கோபத்தை அடக்க முடியாத நிலை இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடமாக அது மோசமாகிக்கொண்டே வந்திருக்க வேண்டும். வேறு நோயால் முழுதாக விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும்.

இப்படிக் கேட்டதில் இரண்டாவது மருத்துவர் நினைவாற்றல் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே பதிவு செய்பவரின் படிவத்தில் ‘காயம்பட்ட தேதி’ என்று ஒரே ஒரு கட்டம்.

“எந்தத் தேதி மேடம்?”

“பதினாறு வருஷம்.”

“அப்படிப் போட முடியாது. ஒரு தேதி சொல்லுங்க.”

அதோடு ஒவ்வொரு கன்கஷனுக்கும் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) மருத்துவமனைச் சான்று வேண்டுமாம். பெரும்பாலான கன்கஷனில் நினைவே தப்பாது. தலையை உதறிவிட்டு அடுத்த ரவுண்டுக்குப் போனவன் எந்த மருத்துவமனையில் சீட்டு வாங்கியிருப்பான்? கிளப்பில் கேட்டால், பழைய பதிவேடெல்லாம் போய்விட்டது என்றார்கள்.

கை கொடுத்தது பரணில் அண்ணி தேடி எடுத்த பழைய போட்டி மருத்துவப் புத்தகம். நாக்-அவுட் ஆன ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் ரிங்கில் ஏறக்கூடாது என்று மருத்துவரின் முத்திரையோடு அதில் இருந்தது. அதை நீட்டியதும் பதிவு செய்பவர் வாயைத் திறக்கவில்லை. ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது, கூட ஆடிய நண்பர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மயக்கம் வராத சின்னச் சின்ன அடிகளும் சேர்ந்துதான் கணக்கு.

சரி, நரம்பு உளவியல் சோதனைக்கு நாள் கொடுத்தார்கள். நினைவாற்றல், கவனம் எல்லாம் அளந்து மதிப்பெண் போடும், மணிக்கணக்கில் நடக்கும் சோதனை. உட்கார்ந்ததும் உளவியலாளர் கேட்ட முதல் கேள்வி: “நேற்று ராத்திரி என்ன மாத்திரை போட்டீர்கள்?” அவ்வளவுதான், மந்தம் இருக்கும், மதிப்பெண் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். வண்டியை எங்கே நிறுத்துவது என்றுகூடச் சொன்ன அழைப்புக் கடிதத்தில் இது ஒரு வரி இல்லை. நீங்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

நல்லவேளை, இடையில் தைராய்டு, பி12, பிட்யூட்டரி ஹார்மோன், தூக்கம் எல்லாம் பார்க்கச் சொன்னார்கள். அண்ணனுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படுவது தெரிந்தது. அந்தத் தூக்க மாத்திரை அதை இன்னும் மோசமாக்கக்கூடியதாம்! முதல் மருத்துவர் இதை ஒரு வார்த்தை விசாரித்திருந்தால்... போகட்டும். இப்போது இரவில் மூச்சுக் கருவி மாட்டிக்கொள்கிறார், எரிச்சல் பாதியாகிவிட்டது. மறதி அப்படியே இருக்கிறது.

இன்னொன்று, வீட்டில் உள்ளவரிடம் தனியாகப் பேசும்படி மருத்துவரை வற்புறுத்துங்கள். அண்ணன் எதிரில் அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார், அண்ணனோ “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்.

கடைசியில் சோதனை நடந்து, அறிக்கையில் சி.டி.இ. ‘இருக்கக்கூடும்’ என்ற நிலையில் எழுதிக் கொடுத்தார்கள். மதிப்பெண் பட்டியலைத் தர மாட்டோம், அறிக்கை மட்டும்தான் என்றார்கள். அடுத்த வருடம் வேறு இடத்தில் சோதித்தால் எதோடு ஒப்பிடுவது? எழுத்தில் விண்ணப்பித்தேன். எங்களிடம் தராமல் இரண்டாவது மருத்துவருக்கு நேரடியாக அனுப்பியிருக்கிறார்கள், அது போதும்.