யார் வாங்குகிற ரேட்?

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸின் கணக்குப் பிரிவில் வேலை செய்ய ஆங்கில இலக்கணம் பெரிதாகத் தேவைப்படாது. பையருக்கு, அதாவது வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவருக்கு, போகிற மெயில்களை மெர்ச்சண்டைசர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் மேஜைக்கு வருவதெல்லாம் வங்கித் தாள்கள்: பில் பையிங், ஃபார்வர்ட், பேக்கிங் கிரெடிட், நாஸ்ட்ரோ. தமிழ் வழியில் பி.காம். முடித்துவிட்டு 2006 கடைசியில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு இதில் பாதிச் சொற்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவை. மீதி, கேள்விப்படாதவை.

சேர்ந்த புதிதில் என்னைக் குழப்பியது 'பையிங் ரேட்'. நாம்தான் டாலரை விற்கிறோம், தாளில் ஏன் பையிங் என்று போட்டிருக்கிறார்கள்? வாங்குவது வங்கி என்பதால். அந்த ரேட் அட்டையில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் வங்கியின் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லப்படுவது. எங்கள் சீனியர் கோபிப் பக்கத்துக்காரர். அவர் சொன்னார்: "அர்த்தத்த அப்புறம் பாத்துக்கலாங்க தம்பி. யாரு சொல்றாங்கன்னு மொதல்ல பாருங்க."

அகராதியில் இல்லாத இந்த வழிதான் எனக்குப் பயன்பட்டது. டிவேல்யுவேஷன், டிப்ரிஸியேஷன் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாயின் மதிப்பை அரசு உத்தரவு போட்டுக் குறைத்தால் முன்னது, சந்தையில் தானாகச் சரிந்தால் பின்னது. 1966 ஜூன் 6 அன்று டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது உத்தரவால். 1991 ஜூலையில் இரண்டு தவணையாகக் குறைத்ததும் அப்படித்தான். 1993-லிருந்து ரேட்டைச் சந்தை முடிவு செய்கிறது, அதனால் இன்று செய்தியில் வருவதெல்லாம் டிப்ரிஸியேஷன். இதுவரை பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கே சொல்லாத ஒன்று: 1966-இல் ரூபாய் எவ்வளவு குறைந்தது? ரூபாயின் பக்கம் நின்றால் 36.5 சதவீதம் சரிவு. டாலரின் பக்கம் நின்றால் 57.5 சதவீதம் ஏற்றம். இரண்டு கணக்கும் சரி. பேசுகிறவருக்கு எது தோதோ அதைச் சொல்வார்.

2007-இல் 'அப்ரிஸியேஷன்' என்ற சொல் ஊர் முழுக்கப் பரவியது. பாராட்டு என்றுதான் பள்ளியில் படித்திருந்தோம். டிவியில் 'ரூபாய் வலுவடைந்தது' என்று பெருமையாகச் சொல்வார்கள், எங்கள் ஓனர் முகம் வாடும். ஒரு லட்சம் டிஷர்ட், பீஸ் 2.50 டாலர் என்று ஒரு ஆர்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய், அதாவது 1 கோடியே 10 லட்சம். நவம்பரில் 39.50-க்குப் பணமாக்கினால் 98.75 லட்சம். அதே துணி, அதே தையல், 11.25 லட்சம் காணோம். லாபம் மட்டுமா, பல இடங்களில் டையிங் பில் கட்டுகிற பணமும் அதில் போனது.

இந்தச் சமயத்தில்தான் சில வங்கிகளிலிருந்து டை கட்டிய இளைஞர்கள் புதுச் சொற்களோடு வந்தார்கள். அதில் கவர்ச்சியானது 'ஜீரோ காஸ்ட்'. டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் உள்ள ரேட் ஒரு எல்லையைத் தொடாதவரை உங்களுக்கு லாபம், கையிலிருந்து ஒரு பைசா தர வேண்டாம் என்றார்கள். தொட்டால்? அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிட்டார்கள். 'ஹெட்ஜ்' என்றால் வேலி. பயிர் இருக்கிற காட்டுக்குத்தான் வேலி போடுவார்கள். டாலரில் பனியன் விற்கிறவருக்குச் சுவிஸ் ஃபிராங்கில் என்ன பயிர் இருக்கிறது? 2008 மார்ச்சில் டாலர் ஒரு ஃபிராங்குக்கும் கீழே போனது. எங்கள் ஓனர் சந்தேகப் பிராணி என்பதால் நாங்கள் தப்பித்தோம். கையெழுத்துப் போட்ட சிலருக்கு ஒரு வருஷ வியாபாரத்தையே விழுங்குகிற நட்டம். இதுபோன்ற வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. இப்படி வேறொன்றின் ரேட்டை வைத்துப் போடுகிற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களின் விதிகளை மீறியதாக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் போட்டது. அபராதம் லட்சங்களில்தான், நட்டம் கோடிகளில்.

இதற்குப் பிறகு ஊரில் ஃபார்வர்ட் என்றாலே பயந்தவர்கள் உண்டு. அது வீண் பயம். ஃபார்வர்ட் எளிமையான விஷயம்: ஆறு மாதம் கழித்து வரப்போகிற டாலரை இன்றைக்கே ஒரு ரேட் பேசி விற்றுவிடுவது. இன்றைய ரேட்டைவிடக் கூடுதலாகக் கிடைப்பதற்குப் பெயர் பிரீமியம். வங்கி நம்மேல் இரக்கப்பட்டுத் தருவதல்ல அது, ரூபாய் வட்டிக்கும் டாலர் வட்டிக்கும் உள்ள வித்தியாசம். டாலர் 60, வட்டி வித்தியாசம் 5 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்குச் சுமார் ஒன்றரை ரூபாய்.

2013-இல் வந்தது 'டேப்பர்'. கால்பக்கம் குறுகி வருகிற பேன்டுக்கு எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் தினமும் சொல்கிற சொல், அதனால் யாரும் அகராதி தேடவில்லை. மாதம் 8,500 கோடி டாலருக்குப் பத்திரங்கள் வாங்கிக்கொண்டிருந்த அமெரிக்க மத்திய வங்கி அதைக் குறைக்கக்கூடும் என்று மே 22 அன்று அதன் அப்போதைய தலைவர் பெர்னான்கி கோடி காட்டினார். அப்போது ஐம்பத்தைந்து ரூபாய்ச் சுற்றில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. டிசம்பரில் உண்மையிலேயே குறைக்க ஆரம்பித்தபோது ரூபாய் பெரிதாக அசையவில்லை. பேச்சுக்கு விழுந்தது, செயலுக்கு விழவில்லை. வங்கி அனுப்பும் காலை மெயிலில் ஹாக்கிஷ் (பருந்து போல, வட்டியை ஏற்றச் சொல்கிற கறார்த் தொனி), டவிஷ் (புறா போல, வட்டியைக் குறைக்கச் சொல்கிற மென்மையான தொனி) என்று பறவைகளாக ஏன் பறக்கின்றன என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த வணிகத்தில் ஒருவர் பேசும் தொனிக்கே விலை உண்டு.

டாலர் 68 ஆனதும் திருப்பூர் கொழித்தது என்று வெளியூரில் நினைத்தார்கள். 56-க்கு ஃபார்வர்ட் புக் செய்தவர் 56-க்குத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பையரிடமிருந்து மெயில் வந்தது, 'உங்கள் கரன்சி இறங்கியிருக்கிறதே, விலையைக் குறையுங்கள்' என்று. 2007-இல் ரூபாய் ஏறியபோது 'உங்கள் கரன்சி ஏறியிருக்கிறதே, சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று எந்தப் பையரும் எழுதி நான் பார்க்கவில்லை.

சமீபத்தில் எங்கள் பிரிவில் சேர்ந்த பெண்ணும் தமிழ் வழியில் படித்தவர்தான். இதையெல்லாம் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தபோது, "ரூபாயிலேயே பில் போட்டா இந்தத் தலைவலியே இல்லைங்களே அண்ணா?" என்றார். நல்ல கேள்வி. போடலாம். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அதற்கு வழி செய்தது. வெளிநாட்டு வங்கி இங்கே ஒரு வாஸ்ட்ரோ கணக்கு திறந்து ரூபாயை வைத்துக்கொள்ளும். நாஸ்ட்ரோ என்றால் அங்கே இருக்கிற நம் பணம், வாஸ்ட்ரோ இங்கே இருக்கிற அவர்கள் பணம். அப்படிச் செய்தால் தலைவலி தீராது, பையருடைய மேஜைக்குப் போகும். அதற்கு ஒத்துக்கொள்கிற ஐரோப்பிய பையர் யாரையும் எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டுப் பாத்தீங்களா?" என்றார். அடுத்த ஆர்டருக்குக் கேட்டுப் பார்க்கச் சொல்லி மெர்ச்சண்டைசரிடம் சொல்லியிருக்கிறேன்.