இடது ஓரத்தை வெட்டிவிட்டேன்

ஊருக்குப் போய்வந்து இரண்டு வாரமாகிறது, இன்னும் படங்களைக் கணினியில் ஏற்றவில்லை. மழை தொடங்கிவிட்டதால் கேமராவையும் லென்சுகளையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்ததோடு சரி. தாராவியில் எங்கள் சந்தில் ஜூன் வந்தால் சுவரே வியர்க்கும், லென்சில் பூஞ்சை பிடிக்க எத்தனை நாளாகும்?

ஊர் சங்கரன்கோவில் பக்கம். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மும்பைதான், ஆனால் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் வாயில் வருவது அந்தப் பெயர்தான். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது, அப்பாவுக்கு மட்டும் அது இன்னும் திருநெல்வேலி ஜில்லா. எழுபதுகளில் தோல் ஷாப்பு வேலைக்கென்று ரயிலேறி வந்தவர் அவர். எங்கள் தெருவிலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் இங்கே நிறைய.

2004-இல் போரா பஜாரில் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபிலிம் கேமரா வாங்கினேன். அந்த வருஷத்திலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அதே எட்டு இடங்களை அதே இடத்தில் நின்று எடுக்கிறேன். குத்துமதிப்பாக நின்றால் வேலைக்காகாது. முன்னால் இருக்கும் ஒரு பொருளின் விளிம்பும் பின்னால் தூரத்தில் இருக்கும் ஒன்றின் விளிம்பும் பழைய படத்தில் எப்படிச் சேர்ந்திருந்தனவோ அப்படியே சேரும்வரை இடமும் வலமும் நகர வேண்டும், அப்புறம் உயரம், அப்புறம் அதே 35 எம்எம் லென்சு, முடிந்தால் வெயிலும் அதே நேரத்து வெயில். பள்ளிக்கூடச் சுவரை வைத்துத்தான் பல வருஷம் இடம் பிடித்தேன். சுவரை இடித்துவிட்டார்கள், இப்போது பாலத்துக் கல்.

எட்டில் ஒன்று டீக்கடை. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெரு ஆட்களுக்கு அங்கே சிரட்டையில்தான் டீ. பிறகு கண்ணாடி கிளாஸ் வந்தது, ஆனால் எங்களுக்கென்று தனி கிளாஸ், வெளித் திண்டில் கவிழ்த்து வைத்திருக்கும், குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டும். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது, 2004-இல் நான் எடுத்த முதல் படத்திலும் அந்தத் திண்டில் ஐந்து கிளாஸ் கவிழ்ந்திருக்கிறது. அடுத்தடுத்த வருஷங்களிலும் இருக்கிறது. 2011-இல் இல்லை. எல்லோர் கையிலும் ஒரே பேப்பர் கப்.

அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக அச்சடித்து, இங்கே எங்கள் ஊர்க்காரர்கள் கூடிய ஒரு நிகழ்ச்சியில் மாட்டினேன். கைதட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா மட்டும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் கேட்டார்: “ஏல, நம்ம ஆளுவோ எங்க உக்காந்து குடிச்சாவ?”

வீட்டுக்கு வந்து பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து அசல் ஃபைலைத் திறந்தேன். இடது ஓரத்தில் ஒரு மோட்டார் பைக் பாதி தெரிந்துகொண்டு படத்தைக் கெடுக்கிறது என்று அந்தப் பக்கத்தை வெட்டியிருந்தேன். வெட்டிய துண்டில், பைக்குக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், எங்கள் சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும் பேப்பர் கப்போடு நின்றுகொண்டிருந்தார்கள். கடைக்குள் பெஞ்சில் இரண்டு இடம் காலி. கேமரா ஒழுங்காகத்தான் எடுத்திருந்தது.

1858-இல் லினியஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்களைப் பார்த்தால் கோபுரமும் தூணும் அவ்வளவு துல்லியம், ஆட்களைத்தான் தேட வேண்டும். அந்தக் காலத்து எக்ஸ்போஷர் நேரத்துக்கு நடமாடுகிற ஆள் பதியவே மாட்டான். அவருக்கு அப்படி ஒரு சாக்கு இருந்தது.

அதற்குப் பிறகு எதையும் வெட்டுவதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன்: யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் நின்றார்கள், படத்துக்கு வெளியே என்ன இருந்தது, நான் வந்ததைப் பார்த்து யாராவது எழுந்து போனார்களா. கையெழுத்து மோசம், எனக்கே சில பக்கங்கள் புரியவில்லை.

பஸ் ஸ்டாப் படங்களையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன். முன்பெல்லாம் அங்கே காலையில் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்ததற்கு அப்புறம் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் பெண்கள், சும்மா சந்தைக்குப் போகிறவர்கள்கூட. ஆனால் பீடி சுற்றும் தார்சா (வீட்டு முன்கூடம்) படத்தில் ஆள் குறைந்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போட மாட்டேன். அங்கே சொளகை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த நாலு பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருத்தி நர்சிங் படிக்கிறாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை போனபோது அந்த டீக்கடை பூட்டிக் கிடந்தது. மெயின் ரோட்டில் எங்கள் தெருப் பையன் ஒருவன் கடை போட்டிருக்கிறான், ஸ்டீல் பெஞ்சு, பரோட்டாவும் உண்டு. லாரிக்காரர்கள் வருகிறார்கள், மேலத்தெரு இளவட்டங்கள் வந்து உட்கார்ந்து அரட்டையடிக்கிறார்கள். மேலத்தெருப் பெரியவர்கள் யாரையும் நான் இருந்த ஆறு நாளில் அங்கே பார்க்கவில்லை. வராதவர்களை எப்படிப் படம் எடுப்பது? நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அத்தை கதை வேறு. நான் அவருடைய பழைய ஓட்டு வீட்டைத் தேடித் தேடி எடுப்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. “எங்க தரித்திரத்த எடுத்துட்டுப் போயி பம்பாயில காட்டப் போறியோ?” என்றார். புதுப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, மகன் சவுதிப் பணத்தில் கட்டிய வீட்டின் முன்னால், டைல்ஸ் சுவர் முழுக்கத் தெரிகிற மாதிரி நின்றார். கோணம் அவரே சொன்னார். எட்டு இடத்தில் இல்லாத அந்தப் படம்தான் இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபிரேம் போட்டு அனுப்பச் சொல்லி மூன்று தடவை போன் பண்ணிவிட்டார், இந்த ஞாயிற்றுக்கிழமையாவது டப்பாவைத் திறக்க வேண்டும்.