சிவப்பில் தெரிந்த எண்

எங்கள் வகுப்பு விக்கியில், அதாவது மாணவர்கள் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளத்தில், நடந்த குழு வேலைக்கு மதிப்பெண் போட வந்த ஆசிரியர், "யார் எவ்வளவு எழுதினார்கள் என்று வரலாற்றுப் பக்கத்தில் தெரியுமல்லவா?" என்று கேட்டார். "தெரியும் சார்" என்றேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனாலும் அதோடு நிறுத்திக்கொண்டேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

வகுப்பு விக்கியை நூலகத்தின் பொறுப்பில் எடுத்தபோது நான் பெருமையடித்துக்கொண்டதே அந்த வரலாற்றுப் பக்கத்தைப் பற்றித்தான். எதை அழித்தாலும் மீட்கலாம், யார் எப்போது மாற்றினார்கள் என்பது பதிவாகும், அதனால் பயமில்லாமல் கை வையுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லியிருந்தேன். மதிப்பெண் போட அதைக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை. 1995இல் வார்ட் கன்னிங்காம் முதல் விக்கியைத் தொடங்கியது நிரலாளர்கள் தங்களுக்குள் கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளத்தான். யாரையும் அளக்க அல்ல. ஆனால் பள்ளிக்குள் வரும் எந்தக் கருவிதான் அளவுகோலாகாமல் தப்பியிருக்கிறது?

அவர் பார்த்தது ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் இருக்கும் பைட் எண்களை, அதாவது எழுதியது கணினியில் பிடிக்கும் இடம் எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற கணக்கை. கூட்டினால் பச்சை, குறைத்தால் சிவப்பு. எங்கிருந்தோ நான்கு பத்திகளை அப்படியே ஒட்டிய மாணவனுக்குப் பெரிய பச்சை எண். போதாக்குறைக்கு, ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட் பிடிக்கும்; 'தமிழ்' என்ற சொல்லுக்கே பதினைந்து. ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். ஆக, அந்த எண் உழைப்பையும் காட்டாது, நீளத்தைக்கூட ஒழுங்காகக் காட்டாது. ஒட்டியதை எல்லாம் படித்துப் பார்த்து, திரும்பத் திரும்ப வந்ததை வெட்டி, மிச்சத்தை இரண்டு வாக்கியமாக்கிய மாணவிக்குக் கிடைத்தது தடித்த சிவப்பு எண். அதற்கு முன்பே "இதற்கு எந்தப் புத்தகம் ஆதாரம்?" என்று அவள் கேட்டிருந்தாள். ஆனால் கேட்டது, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று தனியாக இருக்கும் பேச்சுப் பக்கத்தில். அதற்கு வரலாறு தனி. அதை யாரும் திறக்கவில்லை.

"அழித்ததற்கு மைனஸ் மார்க்கா மிஸ்?" என்று என்னிடம் வந்து கேட்டாள். ஆசிரியரிடம் பேசச் சொன்னேன். வேறென்ன சொல்வது? மதிப்பெண் நூலகரின் வேலை அல்ல. ஆசிரியர் கேட்டது கருவியைப் பற்றிய கேள்வி, நான் சொன்னது கருவியைப் பற்றிய பதில். இப்படி எனக்கு நானே வாதாடும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு, பைட் எண் எப்படி வருகிறது என்று அந்த அறையில் தெரிந்திருந்த ஒரே ஆள் யார் என்ற கேள்வி வருகிறது.

ஆசிரியர் பக்கமும் நியாயம் உண்டு. குழு வேலை என்றால் ஒருவர் எழுத, மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்வது பழைய கதை. சோம்பேறி என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு பையன் தினமும் இரவில் வந்து பிழை திருத்திக்கொண்டிருந்தான் என்பது அதே வரலாற்றுப் பக்கத்தால்தான் வெளியே வந்தது. அவனுக்கு அந்த ஆசிரியர் வகுப்பிலேயே பாராட்டுச் சொன்னார். நான் அன்று வாய் திறந்து அந்தக் கணக்கைத் தடுத்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அந்த மாணவிக்கு இது எந்த விதத்திலும் பதிலாகாது.

அடுத்த பாடத்தில் எல்லோரும் வரலாற்றுப் பக்கத்தில் தங்கள் பெயரை ஏற்றும் வித்தையில் தேறிவிட்டார்கள். ஒரு காற்புள்ளி, சேமி. இன்னொரு காற்புள்ளி, சேமி. சேமிக்கும் முன் சரிபார்க்க இருக்கும் முன்தோற்றப் பொத்தானைத் தொடுவாரில்லை. யாரும் யாருடைய வரியையும் வெட்டவில்லை, பக்கங்கள் ஊதிப்போயின. பேச்சுப் பக்கம் காலி.

இப்போது ஆசிரியர், பேச்சுப் பக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். நியாயமான திருத்தம்தான். சேர்த்தால் அங்கேயும் 'நன்று', 'அருமை' என்று நிரம்பிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. சேர்க்காவிட்டால் அவளைப் போன்றவர்கள் மறுபடியும் சிவப்பில் நிற்பார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.