முயலுக்கு ஏற்ற தோட்டா, தோட்டாவுக்கு ஏற்ற ஸ்கோப்

நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோவில், அலெக்சாண்ட்ராவுக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். இங்கே முயல் என்றால் சேதம். இளங்கொடியின் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால் கொடி பட்டுப்போகும். 1997-ல் யாரோ சட்டத்தை மீறிக் கொண்டுவந்து, விவசாயிகள் பரப்பிய முயல்கொல்லி வைரஸுக்கும் இவை தப்பிவிட்டன. கடைசியில் பாதுகாப்புப் பயிற்சி, நேர்காணல், பூட்டுப் பெட்டிச் சோதனை எல்லாம் முடித்துத் துப்பாக்கி லைசன்ஸ் வாங்கினேன்.

பாயிண்ட் 22 (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) என்றால் ஒரே தோட்டாதான் என்று நினைத்திருந்தேன். 1887-ல் வந்த லாங் ரைஃபிள் வேறு, 1959-ல் வந்த மேக்னம் வேறு. மேக்னத்தின் பித்தளைக் கூடு நீளமும் பருமனும் கூடியது. மேக்னத்துக்கான துப்பாக்கியில் லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டால் தொளதொளவென்று உட்காரும்; சுட்டால் கூடு பிளந்து சூடான வாயு பின்பக்கம் பாயலாம். இதைத் தயவுசெய்து முயன்று பார்க்காதீர்கள். அந்த மேக்னம் கூட்டின் கழுத்தைக் குறுக்கி 2002-ல் வந்ததுதான் பாயிண்ட் 17 எச்எம்ஆர். குண்டு ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம், வேகம் நொடிக்கு 770 மீட்டருக்கும் மேல்.

வீட்டுப் பக்கத்து வரிசைகளுக்கு லாங் ரைஃபிளின் சப்சோனிக் தோட்டாவை எடுத்தேன். ஒலியைவிட மெதுவாகப் போவதால் வெடிச்சத்தம் குறைவு. ஆனால் 50 மீட்டருக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒன்றும்படி அமைத்தால், 100 மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு சாண் இறங்கிவிடும். கல்தரையில் பட்டுத் தெறித்தும் போகும். பின்னால் மண்மேடு இல்லையென்றால் நான் சுடுவதே இல்லை. பாயிண்ட் 17-ன் மெல்லிய குண்டு பட்ட இடத்திலேயே சிதறுவதால் தெறிக்கும் ஆபத்து குறைவு. அதைத் தோட்டத்தின் தூரத்து ஓரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

ரைஃபிளின் மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில்தான் ஏமாந்தேன். பெரிய ரைஃபிள்களுக்கான 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) ஒன்றைப் பாயிண்ட் 22-ல் மாட்டினேன். 50 மீட்டரில் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் அங்கங்கே பட்டன. தோட்டாவைக் குறை சொல்லி மூன்று வகை மாற்றிப் பார்த்தேன். ஒரு மாலை ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்தினேன். ஸ்கோப்பின் குறுக்குக்கோடு குறி அட்டையின் கறுப்பு வட்டத்தின் மேல் ஊர்ந்தது! கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவதுதான் பாரலாக்ஸ்; அந்த ஸ்கோப்பில் அது 100 கஜத்தில் வராதபடி அமைக்கப்பட்டிருந்தது. 50-ல் கண் நடுவிலிருந்து விலகினால் ஒரு சென்டிமீட்டர் வரை பிழை வரும், 25-ல் அதைவிட அதிகம். முயலின் தலைக்கு அது பெரிய தூரம். குறி பிசகினால் முயல் காயத்தோடு ஓடி வதைபடும். அது எனக்குப் பொறுக்காது.

50 கஜத்துக்கு அமைத்த, 4 மடங்கு மட்டுமே பெரிதாக்கும், பாயிண்ட் 22 போன்ற சிறு தோட்டாக்களுக்கான ரிம்ஃபயர் ஸ்கோப் வாங்கினேன். அதன் திருகைத் திருப்பும்போது ஒரு கிளிக்குக்குக் குறி நகர்வது 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர், 50-ல் அதில் பாதி. 50 மீட்டரில் முதல் குண்டுகள் 7 சென்டிமீட்டர் கீழே விழுந்தன. 20 கிளிக் மேலே ஏற்றி ஐந்து சுட்டேன். ஐந்து துளைகளையும் இரண்டு டாலர் நாணயம் ஒன்று மூடியது.

பழைய ஸ்கோப் இப்போது பாயிண்ட் 17-ன் மேல், 100-க்கு ஜீரோ செய்தபடி இருக்கிறது.