கயிறும் கட்டையும்

ஏப்ரல் 22, 2025

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. விசைப்படகுகளுக்கு 61 நாள் கடல் கிடையாது. சென்னை காசிமேட்டில் அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் லீவு வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து இசை நாடகம் போட இதைவிட நல்ல காலம் வருடத்தில் இல்லை. ஜூன் 14 சாயங்காலம் மேடையேற்றிவிட வேண்டும். அன்று நள்ளிரவோடு தடை முடிகிறது.

முதல் நாளே ஒரு பையன் கேட்டான், "அக்கா, நீங்க நடிக்கிறவங்களா, மிஸ்ஸா?" ரெண்டும்தான் என்றேன். சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிச் சொன்னேன். எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேஷம் கட்டியவர், நாடகம் எழுதியவர், 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து சபா தொடங்கிச் சொல்லிக்கொடுத்தவர். நாடகக் கம்பெனிகளில் அப்படிப்பட்டவரை வாத்தியார் என்பார்கள். "அப்போ உங்களையும் வாத்தியார்னு கூப்பிடலாமா?" என்றான். எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

மே 4

கத்திரி ஆரம்பம். காலை ஏழு மணிக்கே ஒத்திகை.

வசனம் பேசும்போது பிள்ளைகளுக்குக் கண், கை, இடுப்பு எல்லாம் பேசுகிறது. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை சுருதி வந்ததும் பிரேயருக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். பாட்டு வருகிறது, ஆள் காணாமல் போய்விடுகிறது.

மே 11

வலை பின்னும் கொட்டகையில் ஒரு தாத்தா தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்று எழுந்து வந்தார். "பாட்டு பாடறதுக்கு இல்லமா, இழுக்கறதுக்கு" என்றார். நைலான் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, அம்பா பாட ஆரம்பித்தார். மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு அது. அவர் ஒரு வரி எடுக்க, இவர்கள் ஏலேலோ என்று வாங்க வேண்டும். அழுத்தமான சொல் விழும் இடத்தில் இழுப்பு, கயிறு தளரும்போது மூச்சு. அவ்வளவுதான்.

பத்தாவது நிமிஷம் கவனித்தேன். ஒருத்தர்கூட மூச்சைத் தப்பான இடத்தில் எடுக்கவில்லை. முதுகு வளைகிறது, பாதம் மணலில் ஊன்றுகிறது, குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. நான் மூன்று வாரமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நானும் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

மே 25

ஏலக் காட்சி பிடிபட்டுவிட்டது! வஞ்சிரம் ஏலம். விலை ஏற ஏற சுருதியும் ஒவ்வொரு ஸ்வரமாக ஏறும். "ஒரு தரம், ரெண்டு தரம்" கோரஸ். "மூணு தரம்" என்பதை மட்டும் பாடாமல் பேச வேண்டும். இது என் யோசனை இல்லை. ஏலம் விடும் சிறுமி தானாகவே அப்படிச் செய்தாள். அவள் அம்மா மீன் விற்கிறவர். வகுப்பில் குரலே எழும்பாத பிள்ளை, கூடையைக் கையில் கொடுத்ததும் தெருமுனைவரை கேட்கிறாள்.

ஜூன் 3

பள்ளிகள் நேற்று திறந்துவிட்டன. இனி சாயங்காலம் மட்டும்தான். தருவதாகச் சொன்ன மண்டபமும் கல்யாண புக்கிங் வந்ததால் கைவிட்டுப் போனது. மனசு கஷ்டப்பட்டது. தாத்தாவிடம் சொன்னேன். "கொட்டகை இருக்குதே" என்றார். சரி, கொட்டகை.

ஜூன் 7

எழும்பூர் மியூசியம் தியேட்டரில் எங்கள் குழு நாடகம். மகனை இழந்த தாயின் பாட்டு. எப்போதும் மூன்றாம் வரியில் எனக்கு மூச்சு முட்டும். இன்று கையில் கயிறு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தளர்கிற இடத்தில் மூச்சு தானாக வந்தது. "வகுப்பெல்லாம் எதுக்கு, மேடையைப் பார்" என்று சொல்கிற நண்பர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? அந்தக் கொட்டகையில்தான் நான் இப்போது நடிப்புப் படிக்கிறேன்.

ஜூன் 14

நடந்தது. ஒரு பக்கம் படகுகளுக்கு ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருந்தன. பாதி அப்பாக்கள் நின்றுகொண்டேதான் பார்த்தார்கள். கயிற்றுப் பாட்டுக்குத் தாத்தா முதல் வரியை எடுத்தார். ஏலேலோ என்று வாங்கியது பிள்ளைகள் மட்டும் இல்லை. ஏலத்தில் ஒரு அம்மா நிஜமாகவே விலை கேட்டுவிட்டார். சிறுமி அசரவில்லை, அந்த விலையையும் சுருதியில் சேர்த்து ஏற்றிவிட்டாள்.

ஜூன் 17

இன்று எட்டுப் பேர்தான் வந்தார்கள். கயிறு யாரோ ஒருவர் படகில் போய்விட்டது. நாளை வேறு வாங்க வேண்டும், கொஞ்சம் தடிமனாக.