சூசோ நாட்குறிப்பு: ஆறாம் மாதத்துப் பனி

ஜூலை 14, திங்கள்

ஷாங்காயிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். சூசோ. வெயில் 37. சென்னைக்காரனிடமா என்று மிதப்பில் இறங்கினேன். இது வேறு ரக வெயில். மரத்தில் ஓர் இலை அசையவில்லை.

பட்டறை இரண்டு வாரம். பதினாறு பேர், நான்கு குழு. ஒவ்வொரு குழுவும் ஒரு பழைய சீன நாடகத்தை எடுத்து, இன்றைக்கு நடப்பதுபோல இருபது நிமிடத்துக்குச் செய்து காட்ட வேண்டும். சீட்டுப் போட்டார்கள். பக்கத்துக் குழுவுக்கு தாங் சியன்சு 1598இல் முடித்த 'பியோனி மண்டபம்'. காதல், கனவு, பூந்தோட்டம். எங்களுக்கு குவான் ஹான்சிங்கின் 'டோ-அவுக்கு நேர்ந்த அநீதி'. பதின்மூன்றாம் நூற்றாண்டு. கடன், விஷம், சிரச்சேதம்.

குழுவில் செங்டூவிலிருந்து ஒரு நடிகை, ஜகார்த்தாவிலிருந்து ஒருவர், ஷாங்காய் மாணவன் ஒருவன், நான். மாணவனுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அவன்தான் எங்கள் வாய்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று முழுக்க வாசிப்பு. கதையைச் சுருக்கி எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் குழம்பாமல் இருக்க.

அப்பா படித்தவர், பரம ஏழை. ஒரு விதவையிடம் 20 லியாங் (பழைய சீன எடை) வெள்ளி கடன். வட்டியோடு 40 ஆகிவிட்டது. ஏழு வயது மகளை அந்த வீட்டுக்கு மருமகளாகக் கொடுத்துக் கடனைத் தீர்த்து, தேர்வு எழுதத் தலைநகர் போகிறார். அந்தப் பெண்தான் டோ-அ. கல்யாணமாகிச் சீக்கிரமே புருஷன் செத்துப்போகிறான். கழுதை ஜாங் என்று ஒரு போக்கிரி (பெயரே அப்படித்தான்) தன் அப்பனோடு வீட்டுக்குள் நுழைந்து, மாமியாரை அப்பனுக்கும் மருமகளைத் தனக்கும் கேட்கிறான். இவள் மறுக்கிறாள். மாமியாரைத் தீர்த்துக்கட்ட ஆட்டு வயிற்று சூப்பில் விஷம் வைக்கிறான். அதை அவன் அப்பனே குடித்துச் சாகிறான். பழி டோ-அ மேல். அடிக்கு அவள் மசியவில்லை. மாமியாரை அடிக்கப் போகிறார்கள் என்றதும் "நான்தான் செய்தேன்" என்கிறாள்.

வெட்டுக்களத்தில் மூன்று வாக்கு விடுகிறாள். என் மேல் குற்றமில்லை என்றால் ரத்தம் ஒரு சொட்டும் தரையில் விழாது, மேலே கட்டிய வெள்ளைப் பட்டில் ஏறும். இந்தக் கோடையில் மூன்றடிப் பனி விழுந்து என் உடலை மூடும். மூன்று வருஷம் இந்த ஊருக்கு மழை கிடையாது. மூன்றும் பலிக்கிறது.

'பெய்யெனப் பெய்யும் மழை' என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். பெய்யாதே என்று சொல்லி மழையை நிறுத்துகிறவளைச் சந்திக்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

நீதிபதி வேஷம் எனக்கு. வழக்குக் கொடுக்க வருகிறவன் காலில் நீதிபதியே விழுகிறார். ஏன் என்று கேட்டால், "வழக்கோடு வருகிறவர்கள்தானே எனக்குச் சோறு போடும் தாய் தகப்பன்!" இதில் நான் என்னத்தைத் தழுவ? அப்படியே விழுந்தால் போதும்.

ஜூலை 16, புதன்

பனியில் மாட்டிக்கொண்டோம்.

ஜகார்த்தாக்காரர்: ஊருக்கு வெளியே ஒரு ஆலை, அதன் ரசாயன நுரை காற்றில் பறந்து வருகிறது, அதுதான் பனி. மாணவன்: பருவநிலை மாற்றம், பின்திரையில் செய்தி ஓடட்டும். நான் தெர்மாகோல் உருண்டை என்று சொல்லித் தொலைத்தேன். எழுதும்போதே கூசுகிறது. பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நாடகம் போட்டுப் போட்டு வந்த புத்தி.

செங்டூக்காரி ஒன்றும் சொல்லவில்லை. விசிறிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

காலை வகுப்பு 'ஜாவ் அநாதை' பற்றி. ஐரோப்பிய மொழிக்குப் போன முதல் சீன நாடகம். பிரெமார் என்ற ஏசுசபைப் பாதிரியார் 1731இல் பிரெஞ்சில் ஆக்கினார். 1735இல் பாரிஸில் அச்சானது. அதை வைத்து வோல்தேர் எழுதிய நாடகம் 1755இல் மேடையேறியது. பிரெமார் வசனத்தை மட்டும் மொழிபெயர்த்தார். பாட்டு வரும் இடத்திலெல்லாம் "பாடுகிறான்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். ஆக, எலும்புக்கூடுதான் கப்பலேறியது.

ஆசிரியை (அறுபதைத் தாண்டியவர், குன்ச்சு என்ற பழைய பாட்டு நாடக வகையில் நடிகையாக இருந்தவர், எல்லோருக்கும் 'லாவ்ஷி', அதாவது டீச்சர்) எங்கள் குழுவைப் பார்த்து, "உங்கள் பிரதியில் எத்தனை பாட்டு?" என்றார்.

ஒன்றுமில்லை. மூன்று நாளில் நாங்களும் அத்தனையையும் வெட்டியிருந்தோம். யுவான் வம்ச காலத்து (குவானின் காலம்) நாடகத்தில் பொதுவாக ஒரே ஒரு பாத்திரம்தான் பாடும். இதில் நான்கு அங்கத்திலும் பாடுகிறவள் டோ-அ. பாட்டை எடுத்தால் அவள் வாயைக் கட்டியதாகத்தானே அர்த்தம்? வெட்டுகிறவர்கள் செய்யாததை நாங்கள் செய்திருக்கிறோம்.

இரவு உட்கார்ந்து ஒரு பாட்டின் நான்கு வரியைத் தமிழில் போட்டுப் பார்த்தேன்.

நல்லது கெட்டது தெரியாத நீ
நிலம் என்று ஏன் கிடக்கிறாய்?
யார் யார் என்று பார்க்காத நீ
வானம் என்று ஏன் இருக்கிறாய்?

மூலத்தின் வேகம் இதில் பாதிகூட இல்லை. இருக்கட்டும்.

ஜூலை 19, சனி

குன்ச்சு அருங்காட்சியகம். ஷான்சி வணிகர்கள் கட்டிய பழைய சங்கக் கட்டடம். உள்ளே ஒரு மேடை, அதன் கூரையில் சுழன்று சுழன்று ஏறும் மரக்குடைவு. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். குன்ச்சு பிறந்த குன்ஷான் இங்கிருந்து பக்கம்தான்; யுனெஸ்கோ அங்கீகாரம் 2001இல்.

திரும்பும் வழியில் லாவ்ஷி சொன்னது இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. இந்தக் கதையை யுவானுக்கு அடுத்து வந்த மிங் வம்ச காலத்திலேயே மாற்றிவிட்டார்களாம். யே சியன்சு எழுதியதாகச் சொல்லப்படும் 'பொன் பூட்டு'. அதில் பனி கொட்டியதும் அதிகாரி பயந்து வெட்டை நிறுத்திவிடுகிறார். செத்ததாக நினைத்த புருஷனும் திரும்பி வருகிறான். சுபம்.

தழுவல் என்றாலே நவீனக்காரர்களின் சேட்டை என்று நினைத்திருந்தேன். 2017இல் இங்கிலாந்தில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி போட்ட பிரான்செஸ் யா-சூ கௌஹிக்கின் நாடகத்தில் கதை இன்றைய தொழிற்சாலை ஊருக்கு வந்துவிடுகிறது; உடலுறுப்பு மாற்றம்கூட உண்டு. ஆனால் அதில் அவள் சாகிறாள், பேயாக வருகிறாள். அவளைக் காப்பாற்றிவிட்ட மிங்காரரைவிட இவர்தான் குவானுக்குக் கிட்டே நிற்கிறார் என்று எனக்குப் படுகிறது. மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை.

பிங்ஜியாங் தெருவில் பாட்டிகள் கூடையில் வெண்செண்பகம் விற்கிறார்கள். இரண்டு மொட்டைக் கம்பியில் கோத்துச் சட்டைப் பொத்தானில் மாட்டிவிடுகிறார்கள். மல்லிகைச் சரமும் இருக்கிறது, ஆனால் தலைக்கு இல்லை, மணிக்கட்டுக்கு. ஒரு முழம் எவ்வளவு என்று கேட்க வாய் வந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

இன்று 'சான்ஃபு' தொடக்கம். நம் கத்திரி வெயில் மாதிரி இங்கே பஞ்சாங்கப்படி வரும் உச்ச வெயில் நாட்கள். டோ-அவை வெட்டுவதும் சான்ஃபுவில்தான், பிரதியிலேயே இருக்கிறது.

விடுமுறை. சூசோ பாணி பாசிப்பயறு 'சூப்' குடித்தேன். வெந்த பயறு, அவித்த பசையரிசி, சர்க்கரையில் ஊறிய சிவப்பு பச்சைக் கீற்றுகள், மேலே ஐஸ் போன்ற புதினா தண்ணீர். பாயசத்தில் யாரோ பற்பசையைக் கலக்கிவிட்டார்கள் என்று முதல் வாயில் தோன்றியது. மூன்றாவது கிண்ணத்தில் அந்த எண்ணத்தை வாபஸ் வாங்கினேன்.

ஜூலை 21, திங்கள்

நான்காம் அங்கம். அப்பா இப்போது பெரிய அதிகாரி, பழைய வழக்குகளைத் தணிக்கை செய்ய அதே ஊருக்கு வருகிறார். டோ-அவின் வழக்குக் கட்டைப் பார்க்கிறார். முடிந்த வழக்கு என்று அடியில் வைத்துவிடுகிறார். பேய் வருகிறது. விளக்கு மங்குகிறது. அவர் திரியைத் தூண்டத் திரும்பும்போது அவள் தன் கட்டை எடுத்து மேலே வைக்கிறாள். அவர் திரும்ப அடியில் வைக்கிறார். மறுபடி விளக்கு, மறுபடி மேலே.

இந்தப் பேய் யாரையும் கழுத்தை நெரிக்கவில்லை, ஃபைலை மேலே கொண்டுவருகிறது. தாலுகா ஆபீஸ் படியேறிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வரியும் தொடவில்லை நாங்கள்.

ஜூலை 22, செவ்வாய்

பனி கிடைத்தது!

செங்டூக்காரி கண்டுபிடித்தாள். மூலத்தை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால், பனி கொட்டுவதற்கு முன்பே அது வேறொருவன் வாயில் வந்துவிடுகிறது. வெட்டுகிறவன் வானம் இருண்டதைப் பார்த்துச் சொல்கிறான்: "நல்ல குளிர்காற்று!" அவ்வளவுதான். அந்தக் காலத்து வெறும் மேடையில் வேறென்ன இருந்திருக்கும்? அவனுக்குக் குளிர்ந்தால் நமக்குக் குளிரும். நுரையும் வேண்டாம், செய்தித் திரையும் வேண்டாம், என் தெர்மாகோலும் வேண்டாம்.

ஒரு வாரமாக நாங்கள் பனிக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். குவான் அதை உணர ஓர் ஆளை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

வெட்டுகிறவர் ஜகார்த்தாக்காரர். அவரவர் மொழியில் பேசுவதென்று முடிவு. அவர் சொல்லப்போவது ஒரே சொல்: "டிங்கின்." குளிர்கிறது.

ஜூலை 24, வியாழன்

ஒத்திகை. சண்டை. ஒத்திகை. பாட்டில் இரண்டைத் திரும்பச் சேர்த்தோம். நேரம் 26 நிமிடம் ஆகிவிட்டது. யாரும் குறைக்கத் தயாரில்லை.

ஜூலை 25, வெள்ளி

மாலை ஆறு மணி. ஒத்திகைக் கூடத்தின் ஏசி இரைச்சலில் பாட்டு கேட்கவில்லை என்று அணைத்துவிட்டார்கள். அறுபது பேர் இருந்திருப்பார்கள். ஆளுக்கொரு விசிறி, அட்டை, நிகழ்ச்சித் தாள். கூடமே படபடத்தது.

செங்டூக்காரி பாடினாள். மாமியார் கண்ணில் படாமலிருக்க, பின் தெரு வழியாக அழைத்துப் போகச் சொல்லிக் கெஞ்சும் இடத்தில் நான் என் வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மண்டியிட்டாள். ஜகார்த்தாக்காரர் திறந்த சட்டையும் கையில் விசிறியுமாக, அலுத்துப்போன சிப்பந்தி போலப் பக்கத்தில் நின்றார். விசிறினார். விசிறினார். விசிறி நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "டிங்கின்." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, மேல் பொத்தானைப் போட்டார். அடுத்த பொத்தானையும்.

அந்தச் சொல் கூடத்தில் யாருக்கும் தெரியாது. முன்வரிசைப் பெண்மணி ஒருவர் விசிறியை மடியில் வைத்தார். மற்றவர்களை நான் கவனிக்கவில்லை. என் வசனம் வந்துவிட்டது.

முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு லாவ்ஷி வந்தார். பாராட்டுவார் என்று வரிசையாக நின்றோம். ஜகார்த்தாக்காரரின் சட்டையைத் தொட்டு மாணவனிடம் ஏதோ சொன்னார். அவன் மொழிபெயர்த்தான்: "ஒரு பொத்தான் போதும். இரண்டாவது, எங்களுக்குப் புரியவில்லையோ என்ற சந்தேகத்தில் போட்டது."

மறுபடி செய்து பார்த்தோம், ஒரு பொத்தானோடு. காவலாளி வந்து விளக்கை அணைக்கும்வரை நான்கு தடவை.

நாளை காலை 7.40க்கு ரயில்.