குருநகர்க் கடலோரம் வீடு வாங்கிய கதை

நான் பிறந்தது யாழ்ப்பாணத்துக் குருநகர். படித்ததும் பந்தடித்ததும் அங்கேதான். ஆனால் கனடாக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைப் பிரசாவுரிமை இல்லாமல் போய்விட்டது. அதனால் குருநகருக்கும் பாசையூருக்கும் இடையில் கடல் பார்த்த தொடர்மாடி வீடொன்றை வாங்கப் போனபோது, சட்டப்படி நான் வெளிநாட்டவன். கேட்டதும் நெஞ்சு கனத்துப்போனது.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி எழுதுவதைத் தடுக்கிறது. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், முடிக்க முன்னமே முழுத்தொகையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடையே இல்லை. என்னிடம் அது இருக்கவில்லை.

இது தெரியாமல் முற்பணத்தை அக்காவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி, அவர் மூலம் விற்பவருக்குக் கொடுத்திருந்தேன். ஊருக்குக் காசு என்றால் எல்லாரும் அப்படித்தானே அனுப்புகிறோம். உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயா வங்கிச் சிட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது அக்காவின்ரை காசாத்தான் கிடக்கு. உம்முடைய பேரில ஒண்டும் வரேல்லையே” என்றார். சரி, விற்பவரோடு பேசி அதைத் திருப்பி வாங்கி, என் பேரில் உள்முக முதலீட்டுக் கணக்கு, அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் முதலீட்டுக் காசுக்கான வங்கிக் கணக்கு, திறந்து, ரொறன்ரோவிலிருந்து முழுத்தொகையையும் அதற்குள் அனுப்பினேன். பிறகொரு நாள் வீட்டை விற்றால், காசை வெளியே கொண்டுபோகவும் அந்தக் கணக்குத்தான் வழி. வெளிநாட்டில் இருக்கிற உறவுகளே, இதை முதலில் செய்யுங்கள்.

காணிப் பதிவகத்திலும் தேடுவித்தேன். கட்டடம் எழும்பினால் மட்டும் போதாது. தொடர்மாடியின் வீடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கூட்டாதன வரைபடம் பதிவாகியிருந்தால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி. முத்திரைத் தீர்வை முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

வீட்டைச் சோளகம் வீசும் ஆடியில் போய்ப் பார்த்தது நல்லதாயிற்று. பல்கனிக் கம்பியைத் தடவினேன், உள்ளங்கை செங்கல் நிறமானது. குழாய்த் தண்ணீரை வாயில் விட்டேன், சவர். கம்பியை மாற்றித் தருவதாகவும் குடிநீருக்குத் தனி இணைப்பு எடுத்துத் தருவதாகவும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் விலை பேசினேன்.

உறுதி முடித்த அன்று சாட்சிகள் இரண்டு பேர். ஒருவன் என்னோடு பந்தடித்த கூட்டாளி. நொத்தாரிசு ஐயா எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். தெற்கே வெளிச்சுவரின் நடு என்று வந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் நான் நீந்தப் பழகிய கடல்.